சாயம் போகும் துணியை விற்ற பாடம்

1958ஆம் ஆண்டு. அமெரிக்க ஜவுளி இறக்குமதியாளர் வில்லியம் ஜேக்கப்சன், கட்டம் போட்ட சென்னைக் கைத்தறித் துணியை கஜம் ஒரு டாலர் விலைக்கு கேப்டன் சி.பி.கிருஷ்ணன் நாயரிடம் வாங்கினார். பின்னாளில் லீலா ஹோட்டல்களைக் கட்டியவர் இதே நாயர்தான். துணி பளிச்சென்று இருந்தது. சாயம் மட்டும் நிற்காது. குளிர்ந்த தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும் என்று நாயர் சொல்லியே கொடுத்தார். துணி நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைவரை போய்ச் சேர்ந்தது. அவர் சொன்ன எச்சரிக்கை வழியிலேயே தங்கிவிட்டது. வாங்கியவர்கள் வழக்கம்போலத் துவைத்தார்கள். ஒரு கட்டத்தின் சிவப்பு அடுத்த கட்டத்தின் மஞ்சளில் இறங்கியது. புகார்கள் குவிந்தன, வழக்குப் பேச்சும் எழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் ஜவுளி வட்டாரத்தில் இன்றைக்கும் கதையாகச் சொல்கிறார்கள். இளம்பெண்களுக்கான ‘செவன்டீன்’ இதழ் அந்தத் துணியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியது. ‘பிளீடிங் மெட்ராஸ்’ என்று அதற்கொரு பெயர் வந்தது. துவைக்கத் துவைக்கப் புதுப்புது நிறம் காட்டும் இந்தியக் கைத்தறி என்று அது கொண்டாடப்பட்டது. சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம் தருகிறோம் என்றே விளம்பரம் செய்தார்கள். 1960களின் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு மெட்ராஸ் சட்டை ஒரு மோகமாகவே ஆனது.

இதில் நெசவாளி ஒரு இழையைக்கூட மாற்றவில்லை. சாயமும் அதே, தறியும் அதே. மாறியதெல்லாம் துணிக்கு வைத்த பெயரும் அதைச் சொன்ன விதமும் அதற்குக் கிடைத்த விலையும். குறை என்று திருப்பி அனுப்பப்பட வேண்டிய சரக்கு, விரும்பித் தேடி வாங்கும் சரக்காக மாறியது. இந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது, அதில் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதைத்தான் உலகின் பல பல்கலைக்கழகங்கள் ‘ஃபேஷன் மேனேஜ்மென்ட்’, ‘ஃபேஷன் பிசினஸ்’, ‘மெர்ச்சண்டைசிங்’ என்ற பெயர்களில் கற்றுத் தருகின்றன. ஊரின் பெயரையே ஒரு துணிக்குக் கொடுத்தும், அந்தத் துணியின் விலையை எழுதும் இடத்துக்குப் போக முடியாத ஒரு மாநிலத்துக்கு இந்தப் படிப்பைவிட அவசியமானது அதிகமில்லை.

தொழில் கட்டிய வகுப்பறைகள்

நியூயார்க் ஃபேஷன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி 1944இல் தொடங்கியது. தையல் தொழிலுக்கான ஓர் உயர்நிலைப் பள்ளியின் மேல் இரண்டு மாடிகளில் 100 மாணவர்களோடு ஆரம்பித்த கல்லூரி அது. ஆயத்த ஆடைத் தொழிலில் இருந்தவர்களின் பிள்ளைகள் வேறு வேலைகளைத் தேடிப் போக ஆரம்பித்ததும், நாளைக்குத் தொழிலை யார் நடத்துவார்கள் என்ற கவலை முதலாளிகளைப் பிடித்தது. அதிலிருந்து பிறந்த கல்லூரி என்பதால் வடிவமைப்போடு வாங்குவதும் விற்பதும் அங்கே ஒரே கூரையின் கீழ் பாடமாயின. இன்று அது நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கம். அதற்குள் வணிகத்துக்கென்றே தனிப் பள்ளி இருக்கிறது.

லண்டன் காலேஜ் ஆஃப் ஃபேஷனின் வேரும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்களுக்குத் தையல் கற்றுத்தந்த தொழிற்பள்ளிகளில்தான் இருக்கிறது. அங்கேயும் இப்போது ஃபேஷன் வணிகத்துக்குத் தனிப் பள்ளி உண்டு. பாரிஸில் ‘ஆன்ஸ்டிட்யூ ஃபிரான்சே த லா மோத்’ 1986இல் வந்தது. அதே ஆண்டில் டெல்லியில் மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் தேசிய ஃபேஷன் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்ட் தொடங்கப்பட்டது. நிஃப்ட்டின் ஆரம்பப் படிப்புகளிலேயே ஆடைச் சந்தையியலும் மெர்ச்சண்டைசிங்கும் சேர்ந்த ஒன்று இருந்தது. இன்று ‘எம்.எஃப்.எம்.’ எனப்படும் இரண்டாண்டு ஃபேஷன் மேனேஜ்மென்ட் முதுநிலைப் படிப்பு அதிலிருந்து வளர்ந்ததுதான். 1995இல் சென்னை தரமணிக்கு நிஃப்ட் வந்தது. 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தானே பட்டம் வழங்கும் அதிகாரமும் நிஃப்ட்டுக்குக் கிடைத்தது.

வங்கதேசத்தைப் பார்க்க வேண்டும். அந்நாட்டு ஆடை ஏற்றுமதியாளர் சங்கம் 1999இல் சின்னதாக ஒரு பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கியது. 2012இல் அது பல்கலைக்கழகமானது. ஒரு தொழில் தனக்கான பல்கலைக்கழகத்தைத் தானே கட்டிக்கொண்டது. திருப்பூரும் சும்மா இருக்கவில்லை. 1990இல் அமைந்த திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கத்தின் முயற்சியில் 1997இல் நிஃப்ட்-டீ பின்னலாடைக் கல்லூரி வந்தது. ஆனால், 2024-25இல் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்த ஊருக்கு அது எந்த மூலைக்கு?

பத்து கிராம், ஐந்து சென்ட்

இந்தப் படிப்பு என்னவென்று புரிய ஒரு டி-ஷர்ட் போதும். மேசைமேல் விரித்து வைத்து, இது எப்படி இந்த விலைக்கு வந்தது என்று பின்னாலிருந்து பிரித்துக்கொண்டே வர வேண்டும்.

நூல் வாங்குவதில் ஆரம்பிக்கிறது. எத்தனையாம் நம்பர் நூல், கார்டடா கோம்டா என்பதில் கிலோவுக்கு விலை மாறும். நிட்டிங் கூலி கிலோக் கணக்கு. சாயப் பட்டறைக்கும் கிலோக் கணக்குதான். வெளிர் நிறத்துக்கு ஒரு கூலி, கருப்புக்கும் கருநீலத்துக்கும் வேறு கூலி. நிட்டிங்கிலும் சாயத்திலும் எடை குறைந்து வரும். அந்தச் சேதாரத்தை முதலிலேயே கணக்கில் ஏற்றாதவர் கடைசியில் கையைப் பிசைவார். அப்புறம் காம்பாக்டிங், கட்டிங், பவர் டேபிளில் ஓவர்லாக், ஃபிளாட்லாக். பிறகு செக்கிங், அயர்னிங், பேக்கிங். இதில் பாதி வேலை வெவ்வேறு தெருக்களில் வெவ்வேறு ஜாப் ஒர்க் கம்பெனிகளில் நடக்கும். லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி, ரிஜக்‌ஷன், வங்கி வட்டி, துறைமுகம் வரை லாரி வாடகை எல்லாம் சேர்ந்தால் வருவது கப்பலில் ஏற்றும்வரையிலான விலை.

ஒரு கணக்குக்கு, ஒரு லட்சம் டி-ஷர்ட் ஆர்டர் என்று வைத்துக்கொள்வோம். மார்க்கர் போடுபவர் பாகங்களைக் கொஞ்சம் நெருக்கி அடுக்கி ஒரு பீஸுக்குப் பத்து கிராம் துணி மிச்சம் பிடிக்கிறார். பத்து கிராம் என்பது கையில் தூக்கினால் எடையே தெரியாத துண்டுத் துணி. ஒரு லட்சம் பீஸுக்கு அது ஆயிரம் கிலோ, அதாவது ஒரு டன் சாயமேற்றிய துணி. ஒரு கட்டிங் மாஸ்டரின் கைத்திறன் எவ்வளவு பெறும் என்பதை இந்த ஒரு பெருக்கலிலேயே வகுப்பில் காட்டிவிடலாம்.

அதே ஆர்டருக்கு வெளிநாட்டு பையர் ‘பீஸுக்கு ஐந்து சென்ட் குறையுங்கள்’ என்கிறார். அவருக்கு அது வெறும் ஐந்து சென்ட். மொத்தத்தில் ஐயாயிரம் டாலர். நாலு லட்ச ரூபாய்க்கும் மேலே. நூல் விலையை மில் குறைக்காது. சாயப் பட்டறைக்காரர் சுத்திகரிப்புச் செலவைக் காட்டுவார். வங்கி வட்டியைத் தள்ளுபடி செய்யாது. எஞ்சுவது தையல்காரரின் பீஸ் ரேட்டும் முதலாளியின் லாபமும்தான். அந்த ஐந்து சென்ட் எங்கிருந்து பிடுங்கப்படும் என்று தெரிந்துகொண்டு பேரம் பேசுபவருக்கும், தெரியாமல் தலையாட்டுபவருக்கும் உள்ள வேறுபாடு, ஒரு தொழிலாளி குடும்பத்தின் வாரச் சம்பளத்தில் போய்த் தெரியும். எந்த இடத்தில் ‘முடியாது’ என்று சொல்ல வேண்டும், அதை எந்தக் கணக்கை வைத்துச் சொல்ல வேண்டும் என்பதற்குப் பயிற்சி வேண்டும்.

மெர்ச்சண்டைசர் என்கிற வேலை இந்த இடத்தில்தான் இருக்கிறது. பையருக்கும் பனியன் கம்பெனிக்கும் நடுவில் நிற்பவர் அவர். பையரிடமிருந்து ஆடையின் அளவு, துணி, தையல் விவரங்கள் அடங்கிய டெக் பேக் வந்ததும் சாம்பிள் தைக்க வைக்க வேண்டும். லேப் டிப் எனப்படும் சாய மாதிரித் துண்டை அனுப்பி நிறத்துக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். ஃபிட் சாம்பிள், சைஸ் செட், உற்பத்திக்கு முந்தைய சாம்பிள் என ஒவ்வொரு படியிலும் அந்தப் பக்கத்துப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். திருப்பூரில் மாலை மங்கும் நேரத்தில்தான் நியூயார்க்கில் அலுவலகம் திறக்கும். ஒரு மின்னஞ்சல் ஒரு நாள் தள்ளிப்போனால் சாயப் பட்டறையில் பிடித்து வைத்த இடம் போய்விடும்; கப்பல் தவறும். கப்பல் தவறினால் விமானத்தில் அனுப்பு என்பார்கள், அந்தச் செலவும் கம்பெனி தலையில்தான் விழும். அப்படி ஒரே ஒரு ஆர்டர் ஆறு மாத லாபத்தை விழுங்கிய கதை அந்த ஊரில் தெருவுக்கு ஒன்று கேட்கலாம்.

ஆடித் தள்ளுபடிக்குள் ஒரு பாடம்

தயாரிக்கும் பக்கம் இது என்றால், விற்கும் பக்கம் இன்னும் விரிவானது. தமிழர்களுக்கு அது புதிதும் இல்லை. தீபாவளிக்குப் பல மாதங்கள் முன்பே சூரத்துக்கும் அகமதாபாத்துக்கும் ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கும் ஆள் அனுப்பி, எந்த நிறம் ஓடும், எந்த விலையில் எத்தனை எடுக்கலாம் என்று முடிவுசெய்யும் ஜவுளிக்கடைக்காரர் செய்வது, மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்களில் ‘ஃபேஷன் பையிங்’ என்று ஒரு பருவம் முழுக்க நடத்தப்படும் பாடம்.

ஆடித் தள்ளுபடியையே எடுத்துக்கொள்வோம். நானூறு ரூபாய்க்கு வாங்கிய சட்டைக்கு ஆயிரம் ரூபாய் விலை போடுகிறார் கடைக்காரர். நூறு சட்டை எடுத்தார், அறுபது முழு விலைக்குப் போனது. மீதி நாற்பதைப் பாதி விலைக்குத் தள்ளினால் மொத்த வரவு எண்பதாயிரம். தள்ளாமல் பிடித்து வைத்தால் அறுபதாயிரத்தோடு நிற்கும். நாற்பது சட்டையும் அடுத்த தீபாவளிச் சரக்குக்கான இடத்தை அடைத்துக்கொள்ளும், போட்ட முதலும் முடங்கும். எப்போது தள்ள வேண்டும், எவ்வளவு தள்ள வேண்டும், முதலிலேயே எழுபது சட்டை மட்டும் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சரக்கு எடுக்கும் முன்பே கேட்டுப் பழக்குவதுதான் வகுப்பின் வேலை. சைஸ் கணக்கும் அப்படித்தான். எல்லா அளவிலும் சமமாக வாங்கினால் மீடியமும் லார்ஜும் முதல் வாரத்தில் தீரும். சின்னதும் பெரியதும் அலமாரியில் கிடக்கும்.

இந்தக் கணக்கு தவறினால் உலகப் பெரிய கம்பெனிகளும் தடுமாறும். 2018 தொடக்கத்தில் ஹெச் அண்ட் எம் நிறுவனத்திடம் விற்காமல் தேங்கிய சரக்கின் மதிப்பு 430 கோடி டாலர். பிரிட்டனின் பர்பெரி 2017-18 நிதியாண்டில் 2.86 கோடி பவுண்டு மதிப்புள்ள தன் சரக்கை அழித்தது. மலிவாக விற்றால் பெயர் கெடும் என்று பயந்து எரித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் 2018 செப்டம்பரில் அந்தப் பழக்கத்தைக் கைவிட்டார்கள். ஜாரா வேறு வழியில் போனது. 1975இல் ஸ்பெயினின் ஆ கொருன்யாவில் முதல் கடையைத் திறந்த அந்த நிறுவனம், தன் உற்பத்தியில் பெரும் பகுதியை ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ என்று பக்கத்திலேயே வைத்துக்கொண்டது. கொஞ்சமாகத் தைப்பது, கடையில் எது நகர்கிறது என்று பார்ப்பது, அதை மட்டும் சில வாரங்களில் மறுபடியும் தைத்து அனுப்புவது என்ற முறை அதற்குக் கைவந்தது. தையல் கூலி கூடினாலும் தேங்கும் சரக்கு குறைந்தது. உலகின் மேலாண்மைப் பள்ளிகளில் அதிகம் பேசப்பட்ட கேஸ் ஸ்டடிகளில் ஜாராவும் ஒன்றானது இதனால்தான்.

உள்ளூர்க் கணக்கும் அதற்குச் சளைத்தது அல்ல. 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைக்கான ஜி.எஸ்.டி. மாறியது. ஓர் உருப்படி 2,500 ரூபாய் வரை 5%. அதைத் தாண்டினால் 18%. ஒரு டிசைனர் 2,500 ரூபாய் குர்தாவில் நூறு ரூபாய்க்குக் கூடுதலாக எம்ப்ராய்டரி வைக்கிறார். வரியோடு 2,625 ரூபாயாக இருந்தது 3,068 ரூபாயாகிவிடும். நூறு ரூபாய் அழகுக்கு வாடிக்கையாளர் 443 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இந்தக் கோட்டை அறியாமல் வரைபவர் எவ்வளவு நன்றாக வரைந்தாலும் அந்தக் குர்தா கடையிலேயே தங்கும்.

கடனும் ஒரு பாடம். சிறு, குறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் கொடுக்காவிட்டால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமானவரிக் கணக்கில் கழிக்க முடியாது என்ற விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, மூன்று மாதம் நான்கு மாதம் என்று கடனில் ஓடிய ஜவுளி வியாபாரம் ஆடிப்போனது. துணி வியாபாரத்தில் பாதி, பணம் எப்போது கைக்கு வரும் என்ற கணக்குதான்.

விலைச்சீட்டில் வராத செலவு

இந்தப் படிப்பை லாபக் கணக்காக மட்டும் நடத்தினால் பெரும் தவறாகும். அதற்குத் திருப்பூரே சாட்சி. நொய்யல் ஆற்றிலும் ஒரத்துப்பாளையம் அணையிலும் சாயக்கழிவு தேங்கி, கீழ்ப்பகுதி விவசாயிகளின் கிணறுகள் பாழாயின. அவர்கள் பல ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறினார்கள். கழிவுநீரைத் துளியும் வெளியே விடக் கூடாது என்ற உத்தரவை நிறைவேற்றாத சாயப் பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஒரே நேரத்தில் மூடப்பட்டன. அதுவரை ஒவ்வொரு டி-ஷர்ட்டும் மலிவாகப் போனதற்கு ஒரு காரணம், அதன் செலவில் ஒரு பகுதியை ஆறும் விவசாயியும் சுமந்ததுதான். அதன் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் தண்ணீரை மீட்டெடுக்கும் தொழில்நுட்பத்தைத் திருப்பூர் கற்றுக்கொண்டது. அதற்கான செலவு சாயக்கூலியில் ஏறியது. ஆனால், தண்ணீரைச் சுத்தம் செய்து தைத்த துணிக்கு பையர் கூடுதலாக ஒரு சென்ட் தர வேண்டும் என்று கேட்டு வாங்கும் திறமை அதே அளவுக்கு வளர்ந்ததா?

டாக்கா அருகே சாவரில் ராணா பிளாசா கட்டிடம் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து விழுந்ததில் 1,134 பேர் இறந்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்றது. மேலே இருந்த ஆடைத் தொழிற்சாலைகள் ஆட்களை உள்ளே அனுப்பின. ஆர்டரை முடிக்க வேண்டிய தேதி தலைக்கு மேல் நின்றது. தேதியைக் குறிப்பவரும் விலையைக் குறைப்பவரும் பெரும்பாலும் ஏதோ ஒரு நாட்டில் ஃபேஷன் வணிகம் படித்துவிட்டு வேலைக்கு வந்தவர்கள். அவர்கள் தட்டும் எண்ணுக்கு மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது பாடத்திட்டத்தின் முதல் பருவத்திலேயே வந்தாக வேண்டும்.

இப்போது சட்டமும் அந்தத் திசையில் நகர்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நீடித்த பொருள்களுக்கான புதிய ஒழுங்குமுறை 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. விற்காத ஆடைகளைப் பெரிய நிறுவனங்கள் அழிப்பதற்கு 2026 ஜூலையிலிருந்து அது தடை விதிக்கிறது. பொருள் எங்கிருந்து வந்தது, எதனால் ஆனது என்று காட்டும் ‘டிஜிட்டல் பாஸ்போர்ட்’ ஆடைகளுக்கும் வரவிருக்கிறது. பஞ்சு எந்த நாட்டில் விளைந்தது, எந்த மில்லில் நூலானது, எந்தப் பட்டறையில் சாயம் ஏறியது என்று அந்தத் தகவலைத் திரட்டி வைக்க ஆள் வேண்டும். சாய நீரைச் சுத்திகரிக்கும் ஊருக்கு இது சுமையாகவும் இருக்கலாம், விலை கூட்டிக் கேட்கும் ஆதாரமாகவும் இருக்கலாம். எப்படி ஆகும் என்பது அந்த மேசையில் உட்காருபவரின் படிப்பைப் பொறுத்தது.

ஒரே சந்தையை நம்புவதன் ஆபத்தும் அண்மையில் உறைத்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50% ஆனபோது, ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அங்கே அனுப்பிக்கொண்டிருந்த திருப்பூர் அதிர்ந்தது. ஆர்டர்கள் நின்றன, வரிச்சுமையில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பையர்கள் பேரம் பேசினார்கள். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலை 24 அன்று, பிரிட்டனோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. ஒரு கதவு சாத்தும்போது இன்னொரு கதவைத் தட்டத் தெரிந்தவர்கள், அந்த நாட்டு வாடிக்கையாளரின் அளவும் நிறமும் பருவமும் அறிந்தவர்கள் ஊருக்குள் எத்தனை பேர் என்ற கேள்வி அன்றைக்குக் கூர்மையாக எழுந்தது.

‘தையலுக்கு எதுக்கு கண்ணு டிகிரி?’

தமிழ்நாட்டில் ஃபேஷன் படிப்புக்குக் குறைவில்லை. கோவை, சேலம், ஈரோடு வட்டாரக் கல்லூரிகளில் பி.எஸ்சி. காஸ்ட்யூம் டிசைன் அண்ட் ஃபேஷன் பரவலாக இருக்கிறது. பொறியியல் கல்லூரிகள் சிலவற்றில் பி.டெக். ஃபேஷன் டெக்னாலஜி உண்டு. சேருபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் அந்தப் படிப்புகளின் எடை வரைவதிலும் தைப்பதிலும் துணியின் தன்மையிலும்தான் இருக்கிறது. விலைக் கணிப்பும் சந்தையும் ஓரமாக ஒன்றிரண்டு தாள்களில் வந்துபோகின்றன. மறுபக்கம் பி.காம்., பி.பி.ஏ. மாணவர்கள் ஆயிரக்கணக்கில் படிக்கிறார்கள். பனியன் கம்பெனிகளுக்கு நடுவிலேயே வளர்ந்தாலும் ஒரு கிலோ துணியில் எத்தனை டி-ஷர்ட் வரும் என்று அவர்களுக்கு வகுப்பில் யாரும் சொல்வதில்லை.

பெற்றோரின் தயக்கத்தையும் புரிந்துகொள்ள வேண்டும். ‘தையலுக்கு எதுக்கு கண்ணு டிகிரி?’ என்று கொங்கு வீட்டில் ஓர் அப்பா மகளிடம் கேட்டால், அவர் பார்த்த உலகத்திலிருந்து கேட்கிறார். பவர் டேபிளில் உட்காருவதற்குப் பட்டம் தேவையில்லை என்று அவருக்குத் தெரியும். மகள் உட்காரப் போவது டேபிளுக்கு எதிர்ப்பக்கம், பீஸ் ரேட்டைத் தீர்மானிக்கும் பக்கம் என்பதை அவருக்கு யாரும் சொன்னதில்லை. நிஃப்ட் போன்ற நிறுவனங்களின் கட்டணம் லட்சக்கணக்கில் ஏறுவதும், நுழைவுத்தேர்வுக்குத் தனிப் பயிற்சி தேவைப்படுவதும் அந்தத் தயக்கத்தை இன்னும் கெட்டியாக்குகின்றன.

இன்னொரு எதிர்வாதமும் உண்டு. திருப்பூரைக் கட்டியவர்கள் எந்த வணிகப் பள்ளியிலும் படித்தவர்கள் இல்லை. ஜவுளிக்கடைகளின் கதையும் அதுவே. ஸ்ரீவில்லிபுத்தூரில் 1923இல் தொடங்கிய போத்தீஸ், திருநெல்வேலியில் 1924இல் தொடங்கிய ஆரெம்கேவி, சென்னையில் 1928இல் தொடங்கிய நல்லி எதுவுமே பாடப்புத்தகம் பார்த்து எழுந்தது இல்லை. 1983இல் திருப்பூரில் ராம்ராஜைத் தொடங்கிய கே.ஆர்.நாகராஜன், பெயரில்லாமல் அடுக்கில் கிடந்த வேட்டிக்கு ஒரு பெயர் கொடுத்து, வெள்ளை வேட்டியை இளைஞர்களும் கேட்டு வாங்கும்படி செய்தார். கோ-ஆப்டெக்ஸ் சேலையோடு நெய்தவரின் படமும் பெயரும் உள்ள அட்டையை வைத்து விற்றபோது, வாங்குபவர் கையில் சேலையோடு ஒரு மனிதரின் உழைப்பும் வந்து சேர்ந்தது.

இந்த வாதத்தை மறுக்கத் தேவையில்லை, பயன்படுத்திக்கொள்ள வேண்டும். இவை அத்தனையும் பாடமாக வேண்டியவை. ஜாராவைப் பற்றிப் படிக்கும் அதே அக்கறையோடு ராம்ராஜ் வேட்டியையும் நல்லியின் பட்டையும் ஈரோட்டுச் சந்தையையும் கேஸ் ஸ்டடியாக எழுதி வகுப்பில் வைக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கல்லாவில் உட்கார்ந்து கற்ற அறிவு அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு மட்டும்தான் போய்ச் சேருகிறது. கல்லாவுக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கு அதைத் தருவதற்குக் கல்லூரியை விட்டால் வேறு வழி கிடையாது.

செய்யக்கூடியவை

திருப்பூரில் சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. பெண்களுக்கு எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. அங்கே பி.காம். படிப்பவர்களுக்கு ஆடை வணிகம் என்ற விருப்பப் பாடத்தைக் கொண்டுவரப் புதுக் கட்டிடம் தேவையில்லை. விலைக் கணிப்பு, மெர்ச்சண்டைசிங், ஏற்றுமதி ஆவணங்கள், சில்லறை விற்பனைக் கணக்கு என்று நான்கு தாள்கள் போதும். பாடம் நடத்த மெர்ச்சண்டைசிங் மேலாளர்களையும் ஓய்வுபெற்ற கட்டிங் மாஸ்டர்களையும் அழைக்கலாம். அவர்களுக்கு முனைவர் பட்டம் இல்லை என்பது தடையாகக் கூடாது. விருதுநகர் மாவட்டம் இ.குமாரலிங்கபுரத்தில் பிஎம் மித்ரா ஜவுளிப் பூங்கா வருகிறது. அதற்குத் தையலாட்களைத் தயார்செய்யும்போதே அந்த மாவட்டக் கல்லூரிகளில் விற்பவர்களையும் தயார்செய்ய வேண்டும்.

பாடப்புத்தகம் தமிழில் வேண்டும். பையரிடம் ஆங்கிலத்தில் பேசித்தான் ஆக வேண்டும், அதற்குத் தனிப் பயிற்சி கொடுக்கலாம். ஆனால், சேதாரம் எவ்வளவு, முதல் எவ்வளவு நாள் முடங்கும் என்ற கணக்கைத் தமிழில் யோசிக்கும் பிள்ளைக்கு அது தமிழிலேயே கிடைத்தால்தான் அடியாழம் வரை போகும். கட்டிங் டேபிளிலும் செக்கிங் பிரிவிலும் ஏற்கெனவே புழங்கும் சொற்கள்தானே. அவற்றைத் தொகுத்து எழுதினாலே பாதிப் புத்தகம் தயார்.

பயிற்சிக்காலத்தைப் பெயருக்கு ஒரு மாதம் என்று முடிக்கக் கூடாது. மாணவர் ஒரே ஆர்டரோடு நூல் வாங்குவதிலிருந்து கன்டெய்னர் ஏறுவதுவரை கூடவே போக வேண்டும். சாயப் பட்டறையின் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒரு வாரம், தையல் வரிசையில் ஒரு வாரம், ஏதாவது ஒரு ஜவுளிக்கடையில் தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் நிற்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த பிறகும் ஐந்து சென்ட் குறைக்கச் சொல்லும் மின்னஞ்சல் வரும்போது, அந்தத் தையல் வரிசையில் பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருந்த அக்காவின் முகம் நினைவுக்கு வரும்.

படிக்க வேண்டியவர்கள் கல்லூரிக்கு வெளியிலும் இருக்கிறார்கள். பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்துவிட்டு ஹெல்பராக நுழைந்து, கேட்டுக் கேட்டே சூப்பர்வைசராகவும் மெர்ச்சண்டைசிங் உதவியாளராகவும் ஆனவர்கள் திருப்பூர் முழுக்க இருக்கிறார்கள். துணியைத் தொட்டே ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று சொல்லிவிடுவார்கள், ஆனால் விலைக் கணிப்புத் தாளை இன்னொருவர்தான் போட்டுக் கொடுக்க வேண்டும். வார நாட்களில் இரவு எட்டு மணிக்கு முன்னால் அவர்களுக்கு வேலை முடியாது. சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் ஞாயிறு ஒரு நாள்தான் ஓய்வு. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பூட்டிக் கிடக்கும் அரசுக் கல்லூரியின் ஒரு வகுப்பறையைத் திறந்து, கரும்பலகையில் ஒரு டி-ஷர்ட்டின் விலைக் கணிப்பை எழுதித் தொடங்கலாம். முதல் வரியில் நூல் விலையைக் கேட்டால், அந்த வாரத்து விலையைச் சொல்ல முதல் பெஞ்சிலிருந்தே நாலு பேர் கை தூக்குவார்கள்.